எண்ணெய் காயும் சத்தம்: ஒரு குரல்பதிவின் இரைச்சல் எங்கிருந்து வந்தது

"டீச்சர், நீங்க வாசிக்கறப்ப பின்னாடி யாரோ சட்டியில எண்ணெய் காய வைக்கற மாதிரி ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு."

திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன் அனுப்பிய குரல்செய்தி இது. பிறவியிலேயே பார்வை இல்லாதவன். தேர்வு நெருங்கினால் நாளுக்கு நாலைந்து மணி நேரம் இயர்போனை மாட்டிக்கொண்டு பாடம் கேட்கிறவன். குறை சொல்லக் கூசிக் கூசித்தான் சொல்லியிருந்தான். டீச்சர் அதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டுக் கீழே எழுதியிருந்தார்: "தம்பி, இந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் இத்தனை பாடும். அவன் காதே வலிச்சா நான் எதுக்கு வாசிக்கணும்?"

டீச்சர் டெல்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி வீட்டில் இருக்கிறார். தமிழாசிரியையாக ஓய்வு பெற்று 8 வருடம் ஆகிறது. பார்வையற்ற மாணவர்களுக்காகத் தமிழ்ப் பாடநூல்களை வாசித்துப் பதிந்து அனுப்புகிறார். ஒரு பைசா வாங்குவதில்லை. நான் இதே ஊரில் ஒலிப்பதிவை நம்பிப் பிழைப்பவன். என் அக்காவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், அந்த உரிமையில்தான் எனக்குச் செய்தி வந்தது.

இந்த ஒரு வீட்டுக் கதையை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து குரல் பதிகிற எத்தனையோ பேர் இதே 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதில் பெரும்பாலானோர் செலவழிப்பது தவறான இடத்தில். முதல் மூன்று வாரம் நானும் டீச்சரைத் தவறான இடத்தில்தான் செலவழிக்க வைத்தேன்.

மேசைமேல் இருந்தவை

மைக், ஷூர் எஸ்எம்7பி. மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது அம்மாவுக்கென்று வாங்கி வந்தது. ரேடியோ நிலையங்களிலும் பாட்காஸ்ட் செய்கிறவர்களிடமும் பார்த்திருப்பீர்கள். பேச்சுக்கென்றே பிறந்த டைனமிக் மைக். ஆனால் அது தரும் மின்னழுத்தம் மிகச் சொற்பம். 94 டெசிபல் சத்தம் அதன்மேல் விழுந்தால் வெளியே வருவது 1.12 மில்லிவோல்ட். வீட்டுப் பதிவுக்கு வாங்கும் சாதாரண கண்டென்சர் மைக்குகள் இதைப்போலப் பத்து, இருபது மடங்கு தரும். அதனால்தான் இந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின், அதாவது பெருக்கம், வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். டீச்சரிடம் இருந்ததோ பழைய இரண்டு சானல் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி. கெயின் திருகியைக் கடைசிவரை திருகினாலும் 50 டெசிபல் சுற்றுவட்டாரத்தில் நின்றுவிடும். லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள்.

அறை சின்னப் படுக்கையறை. ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி டீச்சர் உட்காருவார். மேசையின் அந்தக் கோடியில் சின்ன ஸ்டாண்டில் மைக், நடுவில் புத்தகம். புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, வகுப்பில் வாசிப்பதுபோல நிதானமாக வாசிப்பார். டெல்லியிலிருந்து ஆகாசவாணித் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியின் குரலைக் கேட்டு வளர்ந்தவர். அந்த நிறுத்தமும் அழுத்தமும் இவர் வாசிப்பிலும் இருக்கும். நிறுத்தி வாசிக்கிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்த இடைவெளிகளில்தான் இரைச்சல் தலைகாட்டும்.

போனில் சொன்ன வைத்தியம்

விவரம் கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. மைக் மெலிந்த மைக், இன்டர்ஃபேஸில் கெயின் போதாது, முழுக்கத் திருகினால் அதற்குள் மைக்கின் மின்னழுத்தத்தைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இரையும். எந்தப் பதிவுக்கூடத்திலும் இதைத்தான் சொல்வார்கள். "ஒரு பூஸ்டர் வாங்கிடுங்க டீச்சர்" என்றேன். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டும் சின்ன டப்பா அது. இன்டர்ஃபேஸ் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை எடுத்துக்கொண்டு, 25 டெசிபல் வரை சுத்தமான கெயினைக் கூட்டித் தரும். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கு மெட்ரோவில் போய், அந்த நெரிசலில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தார்.

ஒரு வாரம் கழித்துப் புதுப் பதிவு வந்தது. கூடவே குரல்செய்தி: "தம்பி, சத்தம் பெருசாயிருச்சு. எண்ணெய் இன்னும் காஞ்சுக்கிட்டேதான் இருக்கு."

பழையதையும் புதியதையும் எடுத்து அளந்தேன். அளக்கும் முறை எளிது. கணினிப் பதிவில் உச்ச அளவுதான் பூஜ்யம், மற்றதெல்லாம் அதற்குக் கீழே மைனஸில் வரும். பேச்சின் சராசரி அளவை இரண்டு பதிவிலும் மைனஸ் 20 டெசிபலுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வாசிக்காமல் இருக்கும் இடத்தில் ஐந்தாறு வினாடியைத் தேர்ந்து அதன் சராசரியைப் பார்க்க வேண்டும். அதுதான் நாய்ஸ் ஃப்ளோர், இரைச்சலின் தரைமட்டம். பேச்சை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவராமல் இரண்டு பதிவை ஒப்பிடுவதில் பயனே இல்லை. கெயினைக் குறைத்தால் இரைச்சல் குறைந்ததுபோலத் தெரியும், ஆனால் குரலும் அதே அளவு இறங்கியிருக்கும். கேட்கிறவர் வால்யூமைக் கூட்டும்போது இரண்டும் சேர்ந்து திரும்பி வரும்.

பழைய பதிவு மைனஸ் 47. பூஸ்டர் மாட்டிய பதிவும் மைனஸ் 47. அரை டெசிபல்கூட இறங்கவில்லை. ஒலிநூல்களுக்கு ஏசிஎக்ஸ் என்ற ஒலிநூல் தளம் வகுத்திருக்கும் வரம்பைப் பலரும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்: பேச்சின் சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் நடுவே, உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டாமல், இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே. நாங்கள் அதற்கு 13 டெசிபல் மேலே நின்றோம்.

அந்த அசையாத எண்ணைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ப்ரீஆம்ப்தான் குற்றவாளி என்றால் பூஸ்டர் வந்ததும் சில டெசிபலாவது இறங்கியிருக்க வேண்டும். எலக்ட்ரானிக் சுற்றில் ஓர் அளவு இரைச்சலைத் தவிர்க்கவே முடியாது என்பது உண்மை. மின்தடை எதுவானாலும் அதற்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் நிலைகொள்ளாமல் அலைகின்றன. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார், இருவரின் கட்டுரைகளும் 1928இல் வந்தன. டெல்லியின் ஜூன் வெயிலுக்கும் ஜனவரிக் குளிருக்கும் நடுவே அந்த இரைச்சல் மாறுவது ஏறக்குறைய அரை டெசிபல்தான் என்பதையும் அதே கணக்கு சொல்லும். ஆனால் டீச்சரின் பதிவில் கேட்டது அதைவிட எவ்வளவோ பெரியது. வேறு ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அது மயூர் விஹாரில் இருந்தது, நான் இருந்ததோ போனில்.

பீரோவுக்குள் மைக்

ஜனவரி இரண்டாவது ஞாயிறு நேரில் போனேன். பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியவில்லை. டீச்சர் ஃபில்டர் காப்பி கொடுத்துவிட்டு, "முதல்ல எதைப் பாக்கணும்?" என்று வகுப்பு எடுக்கும் குரலில் கேட்டார்.

முதலில் பூஸ்டரைக் கழற்றி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். பிறகு கட்டிலில் கிடந்த ரஜாயைக் கேட்டேன். டெல்லிக் குளிருக்குப் போர்த்துகிற பருத்த பஞ்சு ரஜாய். மைக்கை அதில் நாலு சுற்றுச் சுற்றி, பீரோவில் புடவை அடுக்குக்கு நடுவே வைத்து, கேபிள் மட்டும் வெளியே வரும்படி கதவைச் சாத்தினேன். கெயினைத் தொடவில்லை. ஒரு நிமிடம் பதிந்தோம்.

இதன் நியாயம் இதுதான். பஞ்சுக்கும் துணிக்கும் இரும்புக் கதவுக்கும் உள்ளே இருக்கும் மைக்குக்கு அறையின் சத்தம் எட்டாது. ஆனால் மைக், கேபிள், ப்ரீஆம்ப், இன்டர்ஃபேஸ் எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். உள்ளே பதிவாவது கருவிகளின் இரைச்சல் மட்டும். வெளியே வைத்துப் பதிந்ததோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அறையின் பங்கு. பதிவுக்கூடங்களில் மைக்குக்குப் பதிலாக 150 ஓம் மின்தடை வைத்த ப்ளக்கை மாட்டிப் பார்ப்போம். வீட்டில் அதற்கெல்லாம் போக வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கேபிளைக் கழற்றிவிட்டு வெறும் சாக்கெட்டைப் பதிந்து பார்த்தால் சரியான விடை வராது. எதுவும் மாட்டாத உள்வாய் வேறு விதமாக இரையும்.

பீரோவுக்குள் மைனஸ் 57. வெளியே மைனஸ் 47.

10 டெசிபல் வித்தியாசம் என்றால் ஆற்றலில் பத்து மடங்கு. டீச்சரின் பதிவில் இருந்த இரைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு அறையில் இருந்தது, மிச்சம் ஒரு பங்குதான் கருவிகளில். நான் சொல்லி அவர் அலைந்து வாங்கிய பூஸ்டர் அந்த ஒரு பங்கை மட்டும்தான் குறைத்தது. பத்தில் ஒரு பங்கை அடியோடு ஒழித்தாலும் மொத்தத்தில் இறங்குவது அரை டெசிபலுக்குள் அடங்கிவிடும். அளந்த எண்ணும் அதையேதான் சொல்லியிருந்தது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

சரி, அறையில் எது? டீச்சரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பால்கனியில் புறா. தூரத்தில் மெட்ரோ. குளிர்காலம் என்பதால் ஃபேன் ஓடவில்லை. இரண்டு நிமிடம் ஆனபிறகுதான் காது பிடித்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால், மூலையில், ஏர் பியூரிஃபயர் ஓடிக்கொண்டிருந்தது.

"அது ஓடுதுங்கறதே எனக்கு மறந்துபோச்சு தம்பி. நவம்பர்ல போட்டது, இன்னும் நிறுத்தலை."

நவம்பர் முதல் ஜனவரிவரை டெல்லியில் ஜன்னல் சாத்திய வீடுகளில் பியூரிஃபயர் ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி. அதன் சத்தம் காதுக்குப் பழகி மறைந்துவிடும். ஆனால் மைக் எதற்கும் பழகாது. இன்னொன்றும் இருக்கிறது. சீலிங் ஃபேன் சத்தம் அடிக்குரலில் வரும், கேட்டவுடன் ஃபேன் என்று சொல்லிவிடலாம். லேப்டாப் சார்ஜரால் வரும் ஹம்மும் அப்படித்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100, 150 என்று ஒரு சுருதியில் 'உம்ம்' என்று நிற்கும். பியூரிஃபயரில் காற்று நெருக்கமான ஹெப்பா வடிகட்டி வழியாகவும் சின்னத் துளைகள் வழியாகவும் பிதுங்கி வருகிறது. அந்தக் கொந்தளிப்பின் சத்தத்துக்குச் சுருதி கிடையாது. எல்லா அதிர்வெண்ணிலும் பரவி 'ஸ்ஸ்ஸ்' என்று நிற்கும். பதிவில் கேட்டால் எலக்ட்ரானிக் இரைச்சலுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது எவருக்கும் கடினம். ஏசி, லேப்டாப் விசிறி எல்லாம் இந்தச் சாதிதான்.

அது நின்றிருந்த இடமும் மோசம். எஸ்எம்7பி ஒருபக்கம் மட்டும் நன்றாகக் கேட்கிற கார்டியாய்ட் மைக். முன்னால் இருப்பதை வாங்கும், முதுகுப்பக்கம் வருவதைத் தள்ளும். பியூரிஃபயர் டீச்சருக்குப் பின்னால் இருந்தது. மைக்குக்கு அது நேர் எதிரே, டீச்சரின் தோளுக்கு மேலாகப் பார்க்கும் இடத்தில். வாசிப்பவரின் பின்னால் எது இருக்கிறதோ அதுதான் மைக்கின் பார்வையில் விழுகிறது என்பதை வீட்டில் மைக் வைக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறை குனிந்து, மைக்கின் உயரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அணைத்துப் பதிந்தோம். மைனஸ் 53.

நாலு விரல்

அணைப்பது சொல்வதற்கு எளிது. டீச்சருக்கு வீஸிங் உண்டு. ஜனவரியில் அந்தப் பெட்டி அவருக்கு மருந்துக்குச் சமம். "நாள் பூரா நிறுத்திட்டு வாசிங்க" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது. பிறகு இருவருமாகப் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டோம். பதிவுக்கு முக்கால் மணி முன்பே கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, பியூரிஃபயரை முழு வேகத்தில் ஓடவிடுவது. பிறகு அணைத்துவிட்டு 20 நிமிடம் வாசிப்பது. அதன் முகப்பில் பிஎம் 2.5 எண், காற்றிலுள்ள நுண்தூசியின் அளவு, தெரியும். நம் நாட்டின் 24 மணி நேர வரம்பான 60ஐத் தொட்டால், 20 நிமிடம் ஆகாவிட்டாலும் வாசிப்பை நிறுத்தி மறுபடி ஓடவிடுவது. அந்த எண்ணைத் தானே எழுந்து பார்ப்பதாக டீச்சர் வாக்குக் கொடுத்தார். மைக்கைவிட எனக்கு அந்த வாக்குதான் முக்கியம்.

மைனஸ் 53 போதாது. இனி மிச்சம் இருந்தது தூரம். மேசையின் கோடியில் இருந்த மைக்குக்கும் டீச்சரின் வாய்க்கும் நடுவே ஒன்றரை அடி, 45 சென்டிமீட்டர்.

இந்த விஷயத்தில் நான் எவரிடமும் எத்தனை தடவையும் சொல்வேன். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடுகிறது. அறையின் இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் மைக்கைச் சற்று நகர்த்துவதில் அது மாறுவதில்லை. ப்ரீஆம்ப் இரைச்சலும் மாறுவதில்லை. குரல் மட்டும் உயர்கிறது. பூஸ்டர் ஒருவகை இரைச்சலைத்தான் தொடும், பியூரிஃபயரை அணைப்பது இன்னொரு வகையை. மைக்கை நெருங்குவது இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே தள்ளுகிறது. அதற்குக் காசும் இல்லை. 45 சென்டிமீட்டரை ஆறில் ஒன்றாக்கினால் ஏழரை. அது நாலு விரல் அகலம். கணக்குப்படி 15 டெசிபலுக்கு மேல் ஆதாயம்.

டீச்சரிடம் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "மைக்கை முழுங்கற மாதிரில்ல இருக்கும்? மேடையில அப்படிப் பேசறவங்களைப் பாத்தாலே எனக்கு ஆகாது." அதைவிடப் பெரிய தடை புத்தகம். நாலு விரல் தூரத்தில் மைக் நின்றால் புத்தகம் எங்கே? இரண்டு கையிலும் பிடித்து வாசிக்கும் பழக்கம் 30 வருடப் பழக்கம். கடைசியில் அவரே பூஜை அலமாரியிலிருந்து மடக்குச் சிக்குப்பலகையை எடுத்து வந்தார், மாமியார் பாராயணம் செய்த பலகை. அடியில் இரண்டு அகராதிகளை அடுக்கி அதன்மேல் பலகையை வைத்ததும் புத்தகம் கண் மட்டத்துக்கு வந்தது. மைக்கை மேசையில் பூட்டும் கைக்கு மாற்றி, பக்கவாட்டிலிருந்து, வாயின் ஓரத்தைப் பார்க்கும்படி நிறுத்தினேன்.

ஓரமாக வைக்கக் காரணம் 'ப'. "பாடம் பத்து, பக்கம் எண்பது" என்று வாசித்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் ஒரு காற்றுக் குண்டு வெடிக்கும். நேரே நிற்கும் மைக் அதை வாங்கி 'புப்' என்று உதறும். ஓரமாக நிற்கும் மைக்கைத் தாண்டிக் காற்று போய்விடும், குரல் மட்டும் வந்து சேரும். நெருங்கிப் பேசுவதற்கென்றே பருத்த நுரைத் தொப்பி ஒன்று மைக்கோடு வந்திருந்தது, பெட்டியைவிட்டு வெளியே எடுக்காமலே கிடந்தது. அதை மாட்டினோம். நெருங்கும்போது அடிக்குரல் தடித்துக் கேட்கும், அதற்கு மைக்கின் முதுகில் இருக்கும் பேஸ் குறைக்கும் சுவிட்சைப் போட்டோம். கெயினை நன்றாகக் கீழே இறக்கி, உரக்க வாசிக்கும் இடம் மைனஸ் 10ஐத் தாண்டாமல் வைத்தோம். 24 பிட்டில் பதிவதால் அதைவிட மேலே தூக்க அவசியமில்லை.

பதிந்தோம். மைனஸ் 67. 15க்குப் பதில் 14தான் இறங்கியது, வாசிக்கும்போது டீச்சரின் தலை வரிக்கு வரி சற்று ஆடுகிறது.

அப்போதுதான், ஒதுக்கி வைத்திருந்த பூஸ்டரை மறுபடி எடுத்து மாட்டிப் பார்த்தேன். மைனஸ் 69. முதலில் அரை டெசிபல் இறக்காத அதே டப்பா இப்போது 2 டெசிபல் இறக்கியது. பெரிய இரைச்சல் விலகிய பிறகு சின்ன இரைச்சலின் பங்கு தெரிய ஆரம்பித்துவிட்டது. டீச்சர் கேட்டார், "அப்ப நான் அலைஞ்சது வீண் போகலையா?" போகவில்லை. வரிசையைத்தான் நான் மாற்றிச் சொல்லியிருந்தேன்.

பிறகு மேசையைத் திருப்பி, டீச்சரின் முதுகுக்குப் பின்னால் துணி நிறைந்த திறந்த பீரோ வரும்படியும், மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கும்படியும் செய்தோம். அதில் எண் அதிகம் மாறவில்லை. அறையின் எதிரொலி குறைந்து குரல் இன்னும் பக்கத்தில் வந்தது.

வால், வாள், வாழ்

இந்த ஆய்வில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த பகுதி இதுதான்.

நான் அளந்த பதிவுக்கு முன்பு அனுப்பிய பாடங்களில் இரைச்சலைக் குறைக்க டீச்சர் ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் பயன்படுத்தியிருந்தார். யாரோ சொல்லிக்கொடுத்தபடி 24 டெசிபல், அதுவும் இரண்டு தடவை. அந்தக் கருவி வேலை செய்வது இப்படி. பேச்சில்லாத இடத்தைக் காட்டினால் இரைச்சலின் சாயலைக் கற்றுக்கொள்ளும். பிறகு ஒலியை நூற்றுக்கணக்கான அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் அளவு இரைச்சலை ஒட்டி இருக்கிறதோ அதை அமுக்கிவிடும். குரல் ஓங்கி ஒலிக்கும் இடத்தில் பிரச்சினை இல்லை. குரல் மெலிந்து முடியும் இடத்தில் குரல் எது, இரைச்சல் எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து அமுக்கும்.

தமிழில் குரல் மெலிந்து முடியும் இடம் எது? சொல்லின் கடைசி மெய். ல், ள், ழ் மூன்றையும் பிரித்துக் காட்டுபவை 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள மெல்லிய அதிர்வுகள். சொல்லின் கடைசியில் அவை இரைச்சலின் மட்டத்துக்கே இறங்கிவிடும். 'ச', 'ஸ' ஒலிகளின் வீடோ இரைச்சல் நன்றாகக் கேட்கும் அதே 4,000க்கு மேற்பட்ட பகுதி. கண்ணால் படிப்பவர் 'வாழ்' என்ற எழுத்தைப் பார்த்துவிடுவார். காதால் மட்டுமே படிக்கிற பிள்ளைக்கு டீச்சரின் நாக்கு மடிகிற அந்தச் சத்தம்தான் எழுத்து. அதை அமுக்கினால் எழுத்தையே அழித்ததாகிவிடும்.

பழைய செய்திகளை டீச்சர் தேடி எடுத்துக் காட்டினார். அக்டோபரில் ஒரு மாணவி கேட்டிருந்தாள்: "மிஸ், பதினாலாவது நிமிஷத்துல வர்றது வாளா, வாழா?" இன்னொருவன்: "விலைன்னு சொல்றீங்களா, விளைன்னு சொல்றீங்களா?" அவர்கள் கவனக்குறைவாகக் கேட்கிறார்கள் என்று டீச்சர் அன்று நினைத்திருந்தார். அந்த இடங்களைப் போட்டுக் கேட்டோம். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல, சொற்களின் நுனியில் குமிழி குமிழியாக ஒரு சத்தம். ழகரத்தைப் பிசகாமல் சொல்கிற ஒருவரின் ழகரம் அங்கே இல்லை. டீச்சர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நாய்ஸ் கேட்டும் இதற்கு மாற்று இல்லை. பேச்சு நின்றதும் மொத்தமாகக் கதவடைக்கும். இரைச்சல் பேச்சோடு வந்து பேச்சோடு போவதால் காது ஒவ்வொரு வாக்கியத்திலும் துணுக்குறும். மட்டமாகத் தொடர்ந்து ஓடும் மெல்லிய இரைச்சலைக் காது மன்னிக்கும், வந்து வந்து போவதை மன்னிக்காது.

இரைச்சலோடு போராடியவர்களில் மிகப் பெரியவர் ரே டால்பி. லண்டனில் தன் நிறுவனத்தை 1965இல் தொடங்குவதற்கு முன், 1963 முதல் இரண்டு வருடம் ஐ.நா. ஆலோசகராக இந்தியாவில், இங்கிருந்து 250 கிலோமீட்டர் தள்ளியுள்ள சண்டிகரில் வேலை பார்த்தவர். காந்த நாடாவின் 'ஸ்ஸ்' சத்தத்தை அவர் பிறகு எப்படிக் குறைத்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். மெலிந்த ஒலிகளை நாடாவில் ஏறுவதற்கு முன்பே தூக்கிவிட்டு, ஒலிக்கும்போது அதே அளவு இறக்கினார். ஏறும்போது குரல் உயர்ந்து நின்றது, இறக்கும்போது நாடாவின் இரைச்சலும் சேர்ந்து இறங்கியது. அவருடைய வேலையும் பதிவாவதற்கு முன்னால்தான் தொடங்கியது. டீச்சரின் நாலு விரலும் அதையேதான் செய்கிறது.

இப்போது டீச்சரின் பதிவுக்கு நாங்கள் செய்வது இரண்டே காரியம்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவது, சராசரியை மைனஸ் 20க்குக் கொண்டுவருவது. நாய்ஸ் ரிடக்‌ஷனைத் தொடுவதில்லை. தொட்டே ஆகவேண்டிய பதிவு ஒருவரிடம் இருந்தால் 6 டெசிபல், ஒரே தடவை, அதற்கு மேல் வேண்டாம் என்பேன். மூலப் பதிவை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் கெஞ்சிக் கேட்பேன். டீச்சர் லேப்டாப்பில் இடம் இல்லை என்று அந்தப் பாடங்களின் மூலங்களை அழித்துவிட்டிருந்தார். கழுவிய பதிவுகள் மட்டும் மிச்சம். அமுக்கியதை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது.

ஒரே பத்தியைப் பழைய முறையிலும் புதிய முறையிலுமாக மூன்று மாணவர்களுக்கு எது எதுவென்று சொல்லாமல் அனுப்பினோம். மூவரும் புதியதைத்தான் எடுத்தார்கள். திருச்சி மாணவன் பதில் அனுப்பினான்: "ரெண்டாவதுல டீச்சர் மூச்சு விடறது கேக்குது. அதை எடுத்துறாதீங்க. அடுத்த வரி வரப்போகுதுன்னு அதுலதான் தெரியுது." மூச்சுச் சத்தத்தையெல்லாம் வெட்ட வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பை டீச்சர் அன்றே அடித்துவிட்டார்.

ஏப்ரலில் பியூரிஃபயர் போய் ஃபேன் வந்துவிட்டது. ஒன்றாம் வேகத்தில் வைத்துப் பதிந்தால் மைனஸ் 61 வருகிறது. வரம்புக்குள்தான், ஆனாலும் காற்று நுரைத் தொப்பியில் உரசுகிறது. டீச்சர் அதை ஏற்கவில்லை. காலை ஐந்து மணிக்கு, ஊர் சூடாவதற்கு முன் ஃபேனை நிறுத்திவிட்டு வாசிக்கிறார். பழைய பாடங்கள் 62. ஒன்றைக்கூட ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய அவர் சம்மதிக்கவில்லை, முதல் பாடத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். இந்த வாரம் எட்டாவது பாடம்.